குழந்தை சீட் அசையாமல் இருக்கிறதா? காரில் பொருத்துவது முதல் வார் இறுக்குவது வரை முழு வழிகாட்டி

உங்கள் காரில் குழந்தை சீட் இருந்தால், மேலே படிப்பதற்கு முன் ஒருமுறை போய் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். கார் பெல்ட் சீட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கையால் பிடித்து, இடமும் வலமும், முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் அது இன்னும் சரியாகப் பொருந்தவில்லை.

எங்கள் சீட் நான்கு மாதம் அப்படித்தான் இருந்தது. எங்களுக்கு வீடு தருமபுரியில், மனைவியின் ஊர் சேலம். மாதத்துக்கு இரண்டு முறையாவது தொப்பூர் கணவாய் இறங்குவோம். மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. இறக்கத்தில் முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைய, நானும் பிரேக்கை ஓங்கி அழுத்தினேன். மோதவில்லை. திரும்பிப் பார்த்தால் சீட் ஒருபக்கமாகச் சரிந்து, பையன் கதவுப் பக்கம் தலை சாய்ந்து கிடந்தான். காயம் எதுவும் இல்லை, பயத்தில் அழுதான். அவன் அம்மாவுக்குச் சேலம் போய்ச் சேரும் வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

வாங்கிய கடையில் பொருத்திக் கொடுத்தார்கள். பெல்ட் மாட்டியிருக்கிறது, க்ளிக் என்று சத்தம் கேட்டது, அது போதும் என்று நினைத்திருந்தேன். அன்று ராத்திரி சீட்டின் கையேட்டையும் காரின் கையேட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதற்கப்புறம் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். நான் பார்த்தவரை விலை குறைந்த சீட், விலை கூடிய சீட் என்ற வித்தியாசமெல்லாம் பிறகுதான். திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற தவறு தளர்வு. சீட்டைப் பிடிக்கும் பெல்ட் தளர்வாக இருக்கும், இல்லையென்றால் குழந்தையைப் பிடிக்கும் வார் தளர்வாக இருக்கும். பல கார்களில் இரண்டுமே.

இந்தக் கட்டுரையில் ‘கார் பெல்ட்’ என்று சொல்வது காரோடு வந்த பெல்ட்டை. ‘வார்’ என்று சொல்வது குழந்தை சீட்டிலேயே தைத்திருக்கும், குழந்தையின் தோளிலும் இடுப்பிலும் வருகிற பட்டைகளை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மடியில் வைத்துக்கொண்டால் போதாதா?

சீட் வாங்கி வந்த முதல் நாள் என் மாமியார் கேட்டார்: “ஏங்க மாப்ள, பச்சப் புள்ளைய இப்படிக் கட்டிப்போட்டு வச்சா பாவமில்லையா? என் மடியில இருந்தா நான் விட்டுருவனா?”

அவர் விட மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இது பாசத்தின் கணக்கில்லை, எடையின் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோ எடையைத் தாங்குகிற பலம் வேண்டும். கிட்டத்தட்ட மூன்று சிமெண்ட் மூட்டை. எந்தக் கையாலும் முடியாது. மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடாமல் இருந்தால் இன்னும் மோசம். அவருடைய எடையும் முன் சீட்டுக்கும் தமக்கும் நடுவில் குழந்தையை நசுக்கும். தம் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துப் போட்டுக்கொள்வதும் இதே காரணத்தால் ஆபத்து.

“அத்தை, நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து அவன் கையைப் பிடிச்சிக்கங்க, சீட்டு அவனைப் பிடிச்சிக்கும்” என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தொப்பூரில் நடந்ததைக் கேட்ட பிறகு வாரை இறுக்கிச் சரிபார்ப்பவரே அவர்தான்.

சட்டமும் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் தேசிய நெடுஞ்சாலை 44 நடுவே ஓடுகிறது. பெங்களூரு போகிற லாரிகளும் பேருந்துகளும் இரவும் பகலும் அதில்தான். அபராதத்தை விட அந்தச் சாலையை நினைத்துத்தான் நான் சீட்டை நம்புகிறேன்.

எந்தச் சீட், எந்தப் பக்கம் பார்த்து

கடைக்குப் போகும் முன் குழந்தையின் எடையும் உயரமும் தெரிந்திருக்க வேண்டும். வயதைச் சொல்லி சீட் வாங்கக் கூடாது. அங்கன்வாடியில் எடை போட்டு எழுதி வைத்திருப்பார்கள், கேட்டால் சொல்வார்கள். உயரத்தைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்துகொள்ளலாம்.

சீட்டின் பின்புறத்திலோ அடியிலோ ஆரஞ்சு நிறத்தில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும், பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். ஐரோப்பிய விதிமுறைப்படி சோதித்து அனுமதித்த சீட் என்று அர்த்தம். எண் எந்த நாடு அனுமதி கொடுத்தது என்பதைச் சொல்லும். 4 என்றால் நெதர்லாந்து. அதே லேபிளில் ஆர் 44/04 என்றோ ஆர் 129 என்றோ இருக்கும். ஆர் 44 சீட்டுகள் எடையை வைத்துப் பிரிக்கப்பட்டவை: 13 கிலோ வரை, 9 முதல் 18 கிலோ, 15 முதல் 25 கிலோ, 22 முதல் 36 கிலோ. ஆர் 129 பெரும்பாலும் உயரத்தை வைத்துப் பார்க்கும். பக்கவாட்டு மோதல் சோதனையும் அதில் உண்டு. லேபிளே இல்லாமல், வெறும் பஞ்சும் துணியும் பட்டையுமாக விற்கிற ‘குழந்தை பெல்ட்’ வகைகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அடுத்து, எந்தப் பக்கம் பார்த்து உட்கார வைப்பது. இதில்தான் நம் ஊரில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு இருக்கும், கழுத்து எலும்பும் தசையும் இன்னும் இறுகியிருக்காது. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது கார் மோதினால், உடலை வார் பிடித்துக்கொள்ளும், கனத்த தலை மட்டும் முன்னால் வீசப்படும், இழுப்பு முழுவதும் கழுத்தில் விழும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சீட்டின் பிளாஸ்டிக் ஓட்டில் ஒன்றாக அழுந்தி, அதிர்ச்சி பரவிவிடும். ஆர் 129 விதியில் குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, சீட்டின் எடை, உயர வரம்பு அனுமதிக்கும் வரை எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் பின்பக்கம் பார்த்தே வைத்திருக்கச் சொல்கிறது. “கால் இடிக்குதே” என்று கேட்பார்கள். காலை மடக்கி உட்காருவது பிள்ளைகளுக்குச் சிரமமே இல்லை, தரையில் எப்படி உட்காருகிறார்கள் என்று பாருங்கள்.

காரில் எந்த இடம்

முன் சீட் வேண்டாம். அதிலும் பின்பக்கம் பார்த்த சீட்டை, ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் விரியும் வேகத்தில் சீட்டின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால், நேராக அடிக்கும். பின் சீட்டில் நடு இடம் பக்கவாட்டு மோதலிலிருந்து தள்ளி இருக்கும். ஆனால் பல கார்களில் அங்கே இடுப்புப் பெல்ட் மட்டும்தான் இருக்கும், அல்லது நடுவில் மேடாக இருக்கும், சீட் உட்காராது. இறுக்கமாகப் பொருந்துகிற ஓர இடம், ஆடுகிற நடு இடத்தை விட எப்போதும் மேல்.

ஓரம் என்றால் நான் இடது பக்கத்தைத்தான் சொல்வேன். நாம் இடது ஓரமாக வண்டியை நிறுத்துகிறோம். காவேரிப்பட்டணத்திலோ பாலக்கோட்டிலோ கடை வீதியில் நிறுத்தினால், வண்டிகள் உரசிக்கொண்டு போகிற பக்கமாகக் கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கவேண்டிய நிலை வராது.

கார் பெல்ட்டால் பொருத்துவது

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். குழந்தையை வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டு, சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்திச் செய்யுங்கள். கோயிலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் செய்தால் தவறத்தான் செய்யும்.

முதலில் கார் சீட்டின் மேல் விரித்திருக்கும் டவல், வழுக்கும் ரெக்சின் உறை, மெத்தை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அழுக்காகிவிடும் என்று கனமான விரிப்பைப் போட்டு அதன் மேல் குழந்தை சீட்டை வைப்பார்கள். அந்த விரிப்பு மோதும் நேரத்தில் அமுங்கி, இறுக்கமாக இருந்த பெல்ட்டைத் தளர்த்திவிடும். காரின் தலைச்சாய்வு குழந்தை சீட்டை முன்னால் தள்ளினால் அதையும் கழற்றி டிக்கியில் வையுங்கள்.

சீட்டை வைத்து, அதன் முதுகும் அடியும் கார் சீட்டோடு நன்றாக ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் பெல்ட் போகும் வழி. ஐரோப்பிய விதிப்படி செய்த சீட்டுகளில் நிறக் குறி இருக்கும். பின்பக்கம் பார்த்து வைக்கும்போது பெல்ட் நீலக் குறி வழியாகப் போக வேண்டும், முன்பக்கம் பார்த்து வைக்கும்போது சிவப்புக் குறி வழியாக. இரண்டு விதமாகவும் வைக்கக்கூடிய சீட்டுகளில் இதை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். சமீபத்தில் கிருஷ்ணகிரியில் ஒரு உறவினர் காரில் பார்த்தேன், பின்பக்கம் பார்த்த சீட்டில் சிவப்பு வழியாகப் பெல்ட் போயிருந்தது. வெளியே பார்க்க இறுக்கமாகத்தான் தெரிந்தது.

பெல்ட்டை முழுக்க இழுத்து, முறுக்கு இல்லாமல் வழியில் நுழைத்து, பக்கிளில் மாட்டுங்கள். இப்போதுதான் முக்கியமான வேலை. சீட்டின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி உங்கள் எடையைக் கொடுங்கள். சீட் மெத்தைக்குள் அழுந்தும். அப்படியே அழுத்திக்கொண்டு முதலில் இடுப்புப் பகுதிப் பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள், அதன் தளர்வு தோள் பகுதிக்கு வரும், அதையும் மேல்நோக்கி இழுத்து முடியுங்கள். கையால் மட்டும் இழுத்து யாராலும் இந்த இறுக்கத்தைக் கொண்டுவர முடியாது, முழங்கால் வேண்டும்.

ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். நம் கார்களில் பின் சீட் பெல்ட் பெரும்பாலும் வெடுக்கென்று இழுத்தால் மட்டும் பூட்டிக்கொள்ளும் வகை. மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். அதனால் சாதாரண ஓட்டத்தில், வளைவுகளிலும் குண்டுகுழிகளிலும், குழந்தை சீட் கொஞ்சம் கொஞ்சமாகப் பெல்ட்டை இழுத்துத் தளர்த்திவிடும். பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளில் ஒருமுறை போய் வந்தாலே தெரியும். இதைத் தடுக்கத்தான் பல குழந்தை சீட்டுகளில் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பூட்டுக் கிளிப் இருக்கும். கையேட்டில் எந்தப் பக்கக் கிளிப்பைப் பூட்டச் சொல்லியிருக்கிறதோ அதை மட்டும் பூட்டுங்கள். எங்கள் காரில் அன்று அந்தக் கிளிப் திறந்தே கிடந்தது. சீட் சரிந்ததற்கு அதுதான் காரணம்.

பக்கிள் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். சில கார்களில் பக்கிளின் தண்டு நீளமாக இருக்கும். பெல்ட்டை இறுக்கினால் பக்கிள் குழந்தை சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பின் மேல் வளைந்து உட்காரும். மோதும்போது அது உடையவோ திறந்துகொள்ளவோ வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது வேறு சீட். பெல்ட்டின் நீளம் போதவில்லை என்றாலும் இடத்தையோ சீட்டையோ மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் துண்டு மாட்டி நீட்டக் கூடாது. வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்டு உங்கள் காரிலேயே ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுவது இதற்காகத்தான்.

கடைசியில் ஆட்டிப் பார்க்கும் சோதனை. பெல்ட் வழி இருக்கும் இடத்தில்தான் பிடிக்க வேண்டும். பின்பக்கம் பார்த்த சீட்டின் மேல் நுனி கொஞ்சம் ஆடும், அது இயல்பு.

சிறு குழந்தைக்குச் சாய்வும் முக்கியம். சீட் நிமிர்ந்து இருந்தால் தலை முன்னால் தொங்கி, முகவாய் நெஞ்சில் படிந்து, மூச்சு அடைபடும். சீட்டிலேயே கோடோ, சின்ன நீர்மட்டமோ இருக்கும். இல்லையென்றால் ஒரு சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடியுங்கள், அதுதான் 45 டிகிரி. பிறந்த குழந்தைக்கு அதை ஒட்டிய சாய்வு இருக்க வேண்டும், அதற்கு மேல் படுக்கையாகவும் கூடாது.

ஐசோஃபிக்ஸ் இருந்தால்

புதிய கார்களில் பின் சீட்டின் முதுகும் மெத்தையும் சேரும் இடுக்கில் இரண்டு இரும்புக் கொண்டிகள் 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும். அந்த இடத்தில் ஒரு சின்ன வில்லை தைத்திருப்பார்கள். கையை விட்டுத் தடவினால் கம்பி தட்டுப்படும். இந்தக் கொண்டி ஏற்பாட்டுக்குத்தான் ஐசோஃபிக்ஸ் என்று பெயர். அதற்கு ஏற்ற சீட் என்றால் வேலை எளிது. சீட்டிலிருந்து நீளும் இரண்டு கைகளும் கொண்டிகளில் க்ளிக் என்று மாட்ட, இரண்டு பக்கக் குறியும் பச்சையாக மாற வேண்டும். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு என்றால் மாட்டவில்லை. அப்புறம் சீட்டைப் பின்னால் தள்ளி ஒட்ட வையுங்கள்.

ஆனால் இரண்டு கொண்டிகள் மட்டும் போதாது. சீட் முன்னால் கவிழாமல் இருக்க மூன்றாவது பிடிப்பு வேண்டும். சில சீட்டுகளில் தரையில் ஊன்றும் கால் இருக்கும், சிலவற்றில் சீட்டின் உச்சியிலிருந்து பின்னால் போய் மாட்டும் மேல்வார். காலை ஊன்றும்போது அது தரையை அழுத்திப் படிய வேண்டும், சீட்டைத் தூக்கிவிடக் கூடாது. பின் சீட்டுக் காலடியில் மூடியோடு சாமான் பெட்டி இருக்கிற கார் என்றால், அந்த மூடியின் மேல் காலை ஊன்றலாமா என்று கார் கையேட்டைப் பார்க்காமல் ஊன்றாதீர்கள்.

மேல்வார் மாட்டும் கொண்டி பின் சீட்டின் முதுகுக்குப் பின்னாலோ டிக்கித் தரையிலோ இருக்கும். சாமான் கட்டும் வளையத்தை அது என்று நினைத்து மாட்டிவிடக் கூடாது. நங்கூரக் குறி போட்ட இடத்தில்தான் மாட்ட வேண்டும். ஒற்றை மேல்வார் என்றால் பொதுவாகத் தலைச்சாய்வின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே கீழாகப் போகும். மேல்வாரை மாட்டி, தளர்வில்லாமல் இழுத்து விடுங்கள். மாட்டாமல் சுருட்டிவைத்திருப்பதைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

ஐசோஃபிக்ஸோடு சேர்த்துக் கார் பெல்ட்டையும் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். சீட் கையேடு சொன்னால் மட்டும் போடுங்கள்.

குழந்தையை உட்கார வைத்து வார் இறுக்குவது

சீட்டை ஒருமுறை பொருத்தினால் வாரத்துக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும். வாரை ஒவ்வொரு முறையும் இறுக்க வேண்டும். அதனால்தான் அவசரத்தில் தளர்வாக விட்டுவிடுகிறோம்.

முதலில் வாரின் உயரம். பின்பக்கம் பார்த்த சீட்டில் வார் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழே இருந்தோ வர வேண்டும். முன்பக்கம் பார்த்ததில் தோளுக்குச் சமமாகவோ சற்று மேலே இருந்தோ. பிள்ளைகள் சட்டென்று வளர்ந்துவிடுவார்கள். நான் மாதம் ஒருமுறை எடை பார்க்கும் நாளில் இதையும் பார்த்துவிடுவேன்.

வார் முழுவதையும் தளர்த்தி இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, குழந்தையின் இடுப்பு சீட்டின் பின்மூலையில் முட்டும்படி உட்கார வையுங்கள். கையை நுழைத்து, பக்கிளை மாட்டுங்கள். அப்புறம் தொடைப் பக்கம் இருக்கும் தளர்வை எல்லாம் தோள் வாரைப் பிடித்து மேல்நோக்கி இழுத்து எடுங்கள். கடைசியாக முன்னால் தொங்கும் இழுப்பு வாரை இழுத்து இறுக்குங்கள். தொடைத் தளர்வை முதலில் எடுக்காவிட்டால் நெஞ்சில் இறுக்கமாகவும் இடுப்பில் தொளதொளவென்றும் இருக்கும்.

இறுக்கம் போதுமா என்று பார்க்க, தோள் எலும்புக்கு மேல் வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மேலும் கீழுமாகக் கிள்ளிப் பாருங்கள். வார் மடிந்து விரலுக்குள் வந்தால் தளர்வு. விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. என் மாமியாருக்கு நான் சொல்லிக்கொடுத்தது இந்த ஒன்றைத்தான்.

உடுப்பு விஷயத்தில் கவனம் வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் குளிர் கடுமையாக இருக்கும். தடித்த ஸ்வெட்டரைப் போட்டு அதன் மேல் வாரை இறுக்கினால், மோதும்போது ஸ்வெட்டர் அமுங்கி, நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வந்துவிடும். மெல்லிய உடுப்போடு வாரை இறுக்கிவிட்டு, அதற்கு மேல் சால்வையைப் போர்த்துங்கள். கல்யாணத்துக்குப் போகும்போது பட்டுப்பாவாடை. தொடைகளுக்கு நடுவே வரும் வார் பாவாடைக்கு மேல் சுருண்டு நிற்கும், இடுப்பு வார் இடுப்பில் படியவே படியாது. பாவாடையைத் தனியாக மடித்து எடுத்துப்போய், மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கட்டிவிடுவதுதான் நல்லது. அரைஞாணில் தாயத்தோ வெள்ளி மணியோ இருந்தால் பக்கிளுக்கு அடியில் சிக்காமல் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள், அழுந்தினால் காயமாகும். கழுத்தில் கயிறோ செயினோ இருந்தால் பயணம் முடியும் வரை கழற்றிவிடுங்கள்.

தலை சாய்கிறதே என்று முதுகுக்கும் தலைக்கும் பின்னால் தலையணை வைக்காதீர்கள். சீட்டோடு வந்த மெத்தைத் துண்டு மட்டும்தான். தனியாக விற்கும் வார் உறை, தலைப்பட்டை எதுவும் அந்தச் சீட்டோடு சேர்த்துச் சோதித்ததில்லை.

அழுகை, வெயில், நீண்ட பயணம்

முதல் சில நாள் அழுவார்கள். வண்டியை எடுக்காமலே வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, பேச்சுக் கொடுத்துப் பழக்குங்கள். அழுகிறான் என்று ஓடும் வண்டியில் ஒருமுறை எடுத்து மடியில் வைத்துவிட்டால், அடுத்த முறை அதற்காகவே அழுவான். “கண்ணு, வண்டி நின்னதும் தூக்கிக்குவேன்” என்று சொல்லி, ஓரம்கட்டி நிறுத்தி, தூக்கிச் சமாதானப்படுத்தி, மறுபடி உட்கார வையுங்கள். நேரம் ஆகும்தான். எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

தருமபுரியிலிருந்து பெங்களூரு என்றால் இரண்டரை, மூன்று மணி நேரம். கைக்குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து சீட்டில் வைத்திருக்கக் கூடாது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு அரை மணிக்கு ஒருமுறை எடுத்து நேராகப் படுக்க வைப்பது நல்லது. கிருஷ்ணகிரி தாண்டி, சூளகிரிக்கு முன்னால் எங்காவது நிழலில் நிறுத்துவோம் நாங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் தூங்குகிறானே என்று சீட்டிலேயே விட்டுவைக்காமல் எடுத்துத் தொட்டிலில் போடுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் நிறுத்திய வண்டியில் பக்கிளின் இரும்புப் பகுதி தோலைச் சுட்டுவிடும். நிறுத்திவிட்டுப் போகும்போது ஒரு வெள்ளைத் துணியைச் சீட்டின் மேல் போர்த்துங்கள், உட்கார வைக்கும் முன் பக்கிளைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று குழந்தையைப் பூட்டிய காருக்குள் விட்டுப் போகவே கூடாது. மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி வரை ஏறிவிடும், குழந்தையின் உடம்பு பெரியவர்களை விட வேகமாகச் சூடாகும்.

வாடகைக் காரில் போனால் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். கார் பெல்ட்டால் பொருத்தப் பழகியிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஓட்டுநர் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் காத்திருப்பார்.

அடுத்த சீட்டுக்கு மாறும் நேரம்

பின்பக்கம் பார்த்த சீட்டில், தலை உச்சிக்கும் சீட்டின் மேல் விளிம்புக்கும் நடுவே ஒரு அங்குலம் கூட இல்லை என்றால் மாற்ற வேண்டும். எடை வரம்பைத் தொட்டாலும் மாற்ற வேண்டும். முன்பக்கம் பார்த்ததில் காது நுனி சீட்டின் உச்சியைத் தாண்டினாலோ, வாரின் கடைசி உயரத்தையும் தோள் தாண்டினாலோ அடுத்தது பூஸ்டர்.

பூஸ்டரில் தனி வார் கிடையாது. கார் பெல்ட்டே பிள்ளையைப் பிடிக்கும், பெல்ட் சரியான இடத்தில் படியும்படி பிள்ளையை உயர்த்துவதுதான் பூஸ்டரின் வேலை. இடுப்புப் பெல்ட் வயிற்றில் அல்ல, தொடை தொடங்கும் இடத்தில் தாழ்வாகப் படிய வேண்டும். வயிற்றில் படிந்தால் மோதும்போது குடல், ஈரல் எல்லாம் நசுங்கும். தோள் பெல்ட் கழுத்தில் உரசாமல், தோளின் நடுவில் வர வேண்டும். உறுத்துகிறது என்று பிள்ளைகள் அதைக் கைக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ தள்ளிவிடுவார்கள், போகும் வழியிலும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூஸ்டர் இல்லாமல் உட்காரலாமா என்பதைப் பள்ளியில் எந்த வகுப்பு என்பது முடிவு செய்யாது. முதுகு சாய்ந்திருக்கும்போதே முழங்கால் சீட்டின் விளிம்பில் மடிகிறதா, பெல்ட் மேலே சொன்ன இடங்களில் படிகிறதா, பயணம் முழுக்க அப்படியே உட்கார முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் போதும். பெரும்பாலும் 145, 150 சென்டிமீட்டர் உயரம் வரும்போதுதான் இது நடக்கும்.

சுத்தம், கைமாறிய சீட்

மாம்பழக் காலத்தில் எங்கள் சீட்டின் பக்கிள் க்ளிக் ஆகாமல் நின்றுவிட்டது. பர்கூர் பக்கத் தோப்பிலிருந்து வந்த பழத்தை வண்டியிலேயே சாப்பிட்டதில் சாறு உள்ளே போய்க் காய்ந்திருந்தது. பக்கிளை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்தால் போதும். தேங்காய் எண்ணெயோ மெஷின் ஆயிலோ விடக் கூடாது, தூசி ஒட்டி மேலும் கெடும். வாரை வாஷிங் மெஷினில் போடாமல், மிதமான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். ஊறவைத்தாலும் பிளீச்சிங் போட்டாலும் இழை பலமிழக்கும்.

உறவில் யாராவது பழைய சீட் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால். அந்தக் கார் எப்போதாவது மோதியிருக்கிறதா? கையேடும் லேபிளும் எல்லாப் பாகங்களும் இருக்கின்றனவா? தயாரித்த தேதி என்ன? பிளாஸ்டிக் நம் வெயிலில் வருடக் கணக்கில் கிடந்து நொறுங்கும் தன்மைக்கு வரும், அதனால் சீட்டிலோ கையேட்டிலோ எத்தனை வருடம் என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் 6 முதல் 10 வருடம். யாரென்று தெரியாதவர் விற்கும் பழைய சீட்டை நான் வாங்க மாட்டேன், உள்ளே இருக்கும் விரிசல் வெளியே தெரியாது.

பலமாக மோதிய காரில் இருந்த சீட்டை, குழந்தை அதில் இல்லாமல் இருந்திருந்தாலும், மறுபடி பயன்படுத்தாதீர்கள். தூக்கிப் போடும் முன் கத்தரிக்கோலால் வார்களை வெட்டிவிட்டு, ஓட்டின் மேல் ‘விபத்தில் அடிபட்டது’ என்று மார்க்கரால் பெரிதாக எழுதிவிடுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் அங்கிருந்து வேறு யாரும் எடுத்துப்போய்த் தங்கள் குழந்தையை அதில் உட்கார வைக்காமல் இருக்க வேண்டும்.